நாணல் நாவும் நாடு கடந்த ஒலியும்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனப் பகுத்துக் காண்பது தமிழர் மரபு. இவற்றுள் மாந்தனின் மூச்சையே முதலாகக் கொண்டு ஒலிப்பது துளைக்கருவி. உலகத் துளைக்கருவிகள் அனைத்தையும் ஒரு கட்டுரைக்குள் அடக்குதல் அரிது. ஆதலின், இரட்டை நாணல் நாவும் கூம்பு வடிவான குழலும் உடைய ஒரு குடும்பத்தை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். துருக்கியின் சுர்னா, வட இந்தியாவின் செனாய், சீனத்தின் சுவோனா, மலாய் நாட்டின் செருனாய், நம் நாகசுரம் ஆகியன இக்குடும்பத்தைச் சார்ந்தவை. இக்கருவி யாருக்கு உரியது என்னும் வினா நம்முன் எழுகின்றது. விடையைக் கருவியிடமே கேட்போம்.

கருவியின் அமைப்பு

நாகசுரத்தின் வாய்ப்பகுதியில் அமைவது சீவாளி. பதப்படுத்திய நாணலின் இரு தகடுகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்க, ஊதும் காற்று அவற்றை அதிரச் செய்கின்றது. சீவாளியைத் தாங்கும் உலோகக் குழாய் கெண்டை. நீண்ட மர உடல் உலவு. அடியில் விரியும் வாய் அணசு. மேலே குறுகிக் கீழே விரியும் கூம்பு வடிவமே இக்குடும்பத்தின் உரத்த ஒலிக்கு ஒரு காரணம். காற்றை அழுத்தி ஊதினால் சுரம் அடுத்த தாயிக்கு ஏறுவதும் இவ்வடிவத்தால்தான். ஆர்மீனியரின் தூதுக் இரட்டை நாணல் உடையதாயினும் அதன் குழல் நேரானது. ஆகவே அது தாழ்ந்தும் மென்மையாகவும் ஒலிக்கின்றது.

பெயர் வந்த வழி

பாரசீகச் சொல்லாகிய ‘சுர்னாய்’ என்பதற்கு ‘விழாக்காலக் குழல்’ என்று பொருள் கூறுவர். ‘நாய்’ அல்லது ‘நய்’ என்பது நாணற்குழலைக் குறிக்கும். சுர்னா, செருனாய், சுமத்திராவில் பதாக்கு மக்கள் வழங்கும் சருனே, சீனரின் சுவோனா ஆகிய பெயர்களில் அம்மூலச் சொல்லின் ஒலி இன்றும் கேட்கின்றது.

மேற்கே சென்ற பெயரின் வரலாறு வேறு. கிரேக்க மொழியில் நாணலைக் குறிக்கும் ‘கலமொஸ்’ என்னும் சொல் இலத்தீனில் ‘கலமுஸ்’ ஆயிற்று. இடைக்கால ஐரோப்பாவில் வழங்கிய ‘ஷாம்’ என்னும் கருவிப்பெயர் அவ்வழி வந்தது. எழுதுகோலைக் குறிக்கும் ‘கலம்’ என்னும் அரபுச் சொல்லும் அக்கிரேக்கச் சொல்லோடு உறவுடையது என்பர் மொழியறிஞர். எழுத்துக்கும் இசைக்கும் ஒரு புல்லே கருவி தந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

நாடுதோறும் புதுக்கோலம்

துருக்கியில் உதுமானியப் படையின் மெஹ்தர் இசைக்குழுவில் சுர்னா முழங்கியது. 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜானிசரிப் படையைக் கலைத்தபோது அக்குழுவும் கலைந்தது. ஆயினும் ஊர்த் திருமணங்களில் சுர்னா வாழ்ந்தது. மொராக்கோவில் அது கைத்தா எனப்படும். சகாராவைக் கடந்து ஹௌசா மக்களிடம் சென்று அல்கைத்தா என்னும் பெயரில் அமீர்களின் அவையில் ஒலித்தது. சீனத்தில் மிங் அரசர் காலத்தில் படைக்கருவியாக விளங்கிய சுவோனா, பின்னர்த் திருமணத்திற்கும் இறுதி ஊர்வலத்திற்கும் உரியதாயிற்று. கிளந்தான் மாநிலத்தில் செருனாய் நிழற்கூத்துக்கு இசை தருகின்றது. இலங்கையில் ஹொரணேவ பௌத்த விகாரைகளில் முழங்குகின்றது. ஐரோப்பாவிலோ, ஷாம் பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவையில் திருத்தம் பெற்று ஓபோ ஆயிற்று.

எங்குச் சென்றாலும் பெரும்பாலும் ஒரு தோற்கருவி இதற்குத் துணை நிற்கின்றது. சுர்னாவுக்குத் தாவுல், செருனாய்க்குக் கெண்டாங், நாகசுரத்திற்குத் தவில்.

ஆனால் ஊதும் முறை ஒன்றன்று. சுர்னாக் கலைஞர் நாணலை முழுவதும் வாய்க்குள் வைத்து, உதடுகளை ஒரு வட்டத் தகட்டின்மேல் அழுத்துவர். கன்னத்தில் காற்றைத் தேக்கி வெளியேற்றும்போதே மூக்கால் மூச்சிழுப்பர், ஒலி அறாது. நாகசுரக் கலைஞரோ சீவாளியை உதடுகளால் பற்றுவர். உதட்டின் அழுத்தம், மூச்சின் அளவு, துளையைப் பாதி மூடும் விரல் ஆகிய மூன்றாலும் கமகங்களைப் பிறப்பிப்பர். ஒவ்வொரு மக்களும் தம் பண்ணுக்கு ஏற்ப இக்கருவியை ஆண்டுள்ளனர் என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டுச் சான்று

செனாய் மேதை பிஸ்மில்லா கான் (1916–2006) முகரம் நாளில் துயர இசை ஊதியவர். காசி விசுவநாதர் கோயிலிலும் ஊதியவர். 2001இல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. ஆந்திரத்தின் கரவதியில் 1924இல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, தஞ்சைப் பாணியில் தோய்ந்து திருவரங்கத்தில் குடியேறினார். 1998இல் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்று, 1999இல் மறைந்தார். 2020இல் நாகசுர இணையரான ஷேக் மஹபூப் சுபானி, காலீஷாபி மஹபூப் ஆகியோர் பத்மஸ்ரீ விருது பெற்றனர். சமயத்தாலோ பாலாலோ இக்கருவிக்கு வேலி இடுதல் இயலாது என்பதற்கு இவர்கள் சான்றாவர்.

இன்றைய நிலை

எனினும் நிலைமை மனநிறைவு தருவதாக இல்லை. நாகசுரத்திற்குச் சுருதி தந்த ஒத்து என்னும் துணைக்கருவியைச் சுருதிப்பெட்டி பெரும்பாலும் அகற்றிவிட்டது. அதனோடு ஒத்து ஊதுவோரின் மூச்சுப் பயிற்சியும் அருகிற்று. சீனச் சிற்றூர்களில் மேலைநாட்டு இசைக்குழுக்களின் வரவால் சுவோனாக் கலைஞர் நலிவுற்றதை, 2016இல் திரைக்கு வந்த ஊ தியன்மிங்கின் படம் எடுத்துரைக்கின்றது. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளின் ஆச்சாமரத் தூண்களையும் உத்தரங்களையும் தேடிக் கடைந்து இக்கருவியைச் செய்கின்றனர். குறியீடு பெயரைக் காக்கும். கடையும் கையையும் ஊதும் மூச்சையும் நாமே காத்தல் வேண்டும்.

நிறைவாக

இக்கருவி யாருக்கு உரியது? நாணலைப் பதமாக்கப் பொறுமையும், மூச்சை ஆளப் பல்லாண்டுப் பயிற்சியும் கொண்ட எவருக்கும் உரியது. கேட்டுப் போற்றுவார் இல்லாத நாட்டில் அது எவருக்கும் உரியதாய் இராது. மாணவச் செல்வங்களே! மண வீட்டு வாயிலில் நாகசுரம் ஒலிக்கக் கேட்டால், பந்திக்கு விரையாது ஓர் இராகம் முடியும்வரை அமர்ந்து கேளுங்கள். ஊதி முடித்தவரிடம் சீவாளியைப் பற்றி இரண்டு சொல் வினவுங்கள். கலைஞருக்கு நாம் செய்யத்தக்க முதல் மரியாதை அதுவே.