நிறம் யாருக்காக?

அன்புள்ள செழியனுக்கு,

கணினிக்கு நிறமும் அழகும் வெறும் மேற்பூச்சு, விலையும் வேகமும்தான் விற்கும் என்று எழுதியிருக்கிறாய். பொருள் வடிவமைப்புப் படிக்கும் நீ அவ்வளவு எளிதாக அதை ஒதுக்கக்கூடாது. 1998 ஆகஸ்டில் ஆப்பிள் 1,299 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்த ஐமேக்கைப் பார். முந்தைய ஆண்டில் நூறு கோடி டாலருக்கு மேல் நட்டம் கண்டிருந்த நிறுவனம் அது. கடைகளில் இருந்த கணினிகள் பெரும்பாலும் மங்கிய வெள்ளைப் பெட்டிகள். ஆப்பிளின் வடிவமைப்பாளர் ஜோனத்தன் ஐவின் குழுவோ சிட்னியின் போண்டை கடற்கரைப் பெயர் தாங்கிய நீலப்பச்சையில், உள்ளிருப்பது மங்கலாகத் தெரியும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் திரையையும் இயந்திரத்தையும் ஒன்றாக வைத்தது. உச்சியில் ஒரு கைப்பிடி. மேசைக் கணினியை யார் தினமும் தூக்கப் போகிறார்கள்? கணினியைத் தொடவே தயங்குகிறவருக்கு, தொட்டால் ஒன்றும் ஆகாது என்று காட்டத்தான் அது. ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ எட்டு லட்சம் ஐமேக்குகள் விற்றன. வாங்கியவர்களில் மூன்றில் ஒருவர் போல, அதுவரை கணினியே வாங்காதவர்கள். வேகத்தைச் சொல்லும் மெகாஹெர்ட்ஸ் கணக்கு அவர்களுக்குப் புரியாது. மிரட்டாத முகம் புரியும். 1999 ஜனவரியில் வந்த ஐந்து நிறங்கள் இன்னொன்றையும் செய்தன. எந்திர அறிவு இல்லாதவரும் தம் விருப்பத்தை நம்பித் தேர்ந்தெடுக்க முடிந்தது.

உள்ளே சரக்கு இல்லாமல் நிறம் விற்குமா என்று கேட்பாய். விற்காது. மோடம் உள்ளேயே இருந்ததால் இணையத்தோடு இணைப்பது எளிதாயிற்று. அந்த எளிமையைத்தான் நிறம் வெளியே சொன்னது. அதே கணினியோடு வந்த வட்டமான மவுஸ் பார்க்க அழகு, ஆனால் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று கைக்குப் பிடிபடவில்லை, 2000இல் மாற்றிவிட்டார்கள். 2001 பிப்ரவரியில் பூக்களும் புள்ளிகளும் அச்சிட்ட ஐமேக்குகள் வந்தன, சில மாதங்களில் மறைந்தன. யாருடைய தயக்கத்தையும் அவை தீர்க்கவில்லை என்பதே என் கணிப்பு. ஐந்து நிறத்தையும் இருப்பு வைப்பது கடைக்காரருக்குச் சுமை என்பதும், நூறு கணினி ஒன்றாக வாங்கும் அலுவலகத்துக்கு நிறம் பொருட்டல்ல என்பதும் உண்மை. அதனால்தான் நிறம் எல்லாருக்கும் அல்ல, குறிப்பிட்ட ஒருவருக்கு என்கிறேன்.

அடுத்த வரைபடத்துக்கு நிறம் தீட்டும் முன், இதை வாங்கத் தயங்குகிறவர் யார், ஏன் தயங்குகிறார் என்று இரண்டு வரி எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் சித்தப்பா