பணிப்பாளர் விற்றால் நாமும் விற்பதா?

கம்பனிப் பணிப்பாளர்கள் தங்கள் பங்குகளை விற்பது பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. கொழும்புப் பங்குச் சந்தையில் நீண்டகாலம் பணியாற்றிய தரகர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கொலன்னாவை வாசகர்: நான் பங்கு வைத்திருக்கும் கம்பனியின் பணிப்பாளர் ஒருவர் பங்குகளை விற்றதாகச் சந்தையின் இணையத்தளத்தில் அறிவித்தல் வந்தது. நானும் விற்றுவிடவா?

எத்தனை பங்குகள் விற்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். விற்றபின் அவரிடம் எத்தனை மிச்சம் என்று ஒரு வரிகூட இல்லை. பாதியை வாசித்துவிட்டுப் பயப்படுவது பெரிய பிழை. காலாண்டுக் கணக்கறிக்கையின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். பணிப்பாளர்களின் பங்குடைமையும் முதல் 20 பங்குதாரர்களின் பட்டியலும் அங்கே இருக்கும். நூற்றில் ஐந்தை விற்றவரும் தொண்ணூறை விற்றவரும் ஒன்றல்ல.

மகளின் கலியாணம், பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்பு, வீடு, கடன் என்று விற்பதற்குக் காரணங்கள் பல. சம்பளத்தின் ஒரு பகுதியைப் பங்காகப் பெறும் நிர்வாகி, விற்றால்தான் அந்தக் காசைக் கையில் காண்பார்.

2014 டிசெம்பர் 8ஆம் திகதி இந்தியாவின் இன்போசிஸ் நிறுவனர்களான நாராயண மூர்த்தி, நந்தன் நிலேகனி, தினேஷ், ஷிபுலால் ஆகிய நால்வரின் குடும்பங்கள் தங்கள் பங்குகளை ஒரே நாளில் விற்றன. தொகை ஏறத்தாழ 6,484 கோடி இந்திய ரூபாய். அன்றே விலை ஐந்து சதவீதமளவில் சரிந்தது. நிறுவனர்களே ஓடுகிறார்கள் என்று பதறி விற்றவர்கள் பலர். அப்போது அந்த நால்வரும் நிர்வாகத்தில் இல்லை. பொறுப்பு புதிய பிரதம நிறைவேற்று அதிகாரி விஷால் சிக்காவிடம் போயிருந்தது. மூன்று மாதத்துக்குள் பங்கு விழுந்த இடத்தைத் தாண்டி ஏறியது. பதறியவர்களுக்கு நட்டம் மட்டுமே மிஞ்சியது.

பயப்படவேண்டிய விற்பனையும் உண்டு. தவிசாளர், பிரதம நிறைவேற்று அதிகாரி, நிதிப் பணிப்பாளர் என்று கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் அடுத்தடுத்து விற்றால் கவனியுங்கள். தான் விற்றுக்கொண்டே மற்றவரை வாங்கச் சொல்பவர் இன்னும் ஆபத்தானவர். 2001 செப்டெம்பரில் அமெரிக்க எரிசக்திக் கம்பனியான என்ரோனின் தவிசாளர் கென்னத் லே, பங்கு மலிவாகக் கிடைக்கிறது என்று சொந்த ஊழியர்களிடம் சொன்னார். அதே ஆண்டில் அவர் தன் பங்குகளைக் கம்பனிக்கே திருப்பி விற்றுக் கோடிக்கணக்கான டொலர்களை எடுத்திருந்தார். கம்பனிக்கே விற்றதால், அன்றைய விதிப்படி அதை உடனே அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. டிசெம்பர் 2ஆம் திகதி என்ரோன் வங்குரோத்தானது. ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பில் பெரும்பகுதி அந்தப் பங்கிலேயே கரைந்து போனது. இரண்டு வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும் என்ற அமெரிக்க விதி மறுவருடம்தான் வந்தது.

ஆகவே, கொலன்னாவை நண்பரே, உங்கள் பணிப்பாளர் தனி ஆளாகச் சிறு பகுதியைத்தான் விற்றிருந்தால் நிம்மதியாக இருங்கள்.

வெள்ளவத்தை வாசகி: கம்பனியில் வேலை செய்யும் மச்சான், இந்தக் காலாண்டு முடிவு மோசம் என்று முன்கூட்டியே சொன்னார். அறிக்கை வரமுன் விற்கலாமா?

கூடாது. 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுச் சட்டப்படி அது குற்றம்.

குடும்பத்துக்குள்தானே என்று நினைக்கவேண்டாம், தங்கச்சி. கொழும்பில் பிறந்து நியூயோர்க்கில் கலியன் நிதியத்தை நடத்திய ராஜ் ராஜரட்ணம் 2009 ஒக்டோபரில் கைதானார். 2011இல் 14 குற்றச்சாட்டுகளில் குற்றவாளியாகக் காணப்பட்டு 11 வருடச் சிறைத்தண்டனை பெற்றார். 2008 செப்டெம்பரில் வோரன் பஃபெட் கோல்ட்மன் சக்ஸில் 500 கோடி டொலர் முதலிடப்போகும் செய்தியை ராஜரட்ணத்துக்கு முன்கூட்டியே சொன்னவர் அந்த வங்கியின் பணிப்பாளர் ரஜத் குப்தா. குப்தா தன் பெயரில் ஒரு பங்குகூட வாங்கவில்லை. அவருக்கும் இரண்டு வருடச் சிறை. மச்சானை நினைத்தாவது பேசாமல் இருங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர்: தவிசாளர் இரகசியமாக வாங்குகிறார் என்று வட்ஸ்அப் குழுவில் வந்தது. நம்பலாமா?

சந்தையின் இணையத்தளத்தில் அறிவித்தல் வந்ததா? வராவிட்டால் நம்பவேண்டாம்.

தெமட்டகொடை வாசகர்: எங்கள் கம்பனியின் பெரிய பங்குதாரர் குடும்பம் ஒரு பங்கையும் விற்கவில்லை. இது நல்ல அறிகுறிதானே?

விற்கவில்லை, சரி. அடகு வைத்திருக்கிறார்களா? ஹைதராபாத் சத்யம் நிறுவனத்தின் தவிசாளர் ராமலிங்க ராஜுவின் குடும்பம் தன் பங்குகளை அடகு வைத்துக் கடன் எடுத்திருந்தது. 2008 டிசெம்பரில் விலை சரிந்தபோது கடன் கொடுத்தவர்கள் அவற்றைச் சந்தையில் விற்கத் தொடங்கினார்கள். 2009 ஜனவரி 7ஆம் திகதி ராஜு கணக்குகள் பொய்யென்று கடிதம் எழுதினார். அன்று ஒரே நாளில் பங்கின் விலையில் முக்கால் பங்கு போய்விட்டது. பெரும் பங்குதாரர்கள் அடகை வெளிப்படுத்தவேண்டும் என்று இந்தியா விதி செய்தது அதன்பிறகுதான்.

வருடாந்தப் பொதுக் கூட்டத்துக்கு உங்களுக்கும் அழைப்பு வரும். போய், குடும்பத்தின் பங்குகள் எந்த வங்கியிலாவது அடகில் இருக்கின்றனவா என்று எழுந்து கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் கூட்டம் முடியுமுன் இன்னொரு முறை கேளுங்கள்.