கனிம ஒதுக்கீடும் குத்தகை மறுப்பும்

சுரங்கக் குத்தகை கோரி முதலில் விண்ணப்பித்தவருக்கு அதனைப் பெறும் உரிமை உண்டா? குஜராத்தின் பாக்சைட் வழக்கில் எழுந்த வினா இது. அலுமினியத்தின் மூலப்பொருளான பாக்சைட் கிடைக்கும் சில பகுதிகளைப் பொதுத் துறைக்கென ஒதுக்கி, மாநில அரசு 1963, 1964ஆம் ஆண்டுகளில் அறிவிக்கைகள் வெளியிட்டது. அங்குக் குத்தகை கேட்ட தனியாரின் விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன.

1957ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தில் மாநிலத்திற்கு இவ்வதிகாரத்தை வெளிப்படையாக வழங்கும் பிரிவு அப்போது இல்லை. விண்ணப்பதாரர் வாதம் இதனையே பற்றி நின்றது. எனினும், அம்ரித்லால் நாதுபாய் ஷா வழக்கில் 1976இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. கனிமத்தின் உடைமையாளர் அரசே. உடைமையாளர் குத்தகை தர மறுக்கலாம். ஒதுக்கப்பட்ட நிலம் குத்தகைக்கே வராதபோது, முன்னுரிமை பற்றிய பேச்சுக்கு இடமில்லை.

1986ஆம் ஆண்டுத் திருத்தம் 17அ பிரிவைச் சேர்த்தது. அதன்படி, அரசு நிறுவனங்களுக்காக மாநிலம் பகுதிகளை ஒதுக்க மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். விரும்பத்தக்க கட்டுப்பாடுதான், ஒதுக்கிவிட்டுக் கனிமத்தை வாளா விட்டுவைப்பதற்கு அதில் முழுத் தீர்வு இல்லை.

பழைய ஒதுக்கீடுகளின் வலிமையை ஜார்க்கண்டின் காட்குரி இரும்புத்தாதுப் பகுதி காட்டிற்று. பீகார் அரசு 1962, 1969ஆம் ஆண்டுகளில் ஒதுக்கிய நிலம் அது. தனியாருக்கு ஆதரவாக மத்திய அரசுக்கு அனுப்பிய பரிந்துரைகளை மாநில அரசு 2005இல் திரும்பப் பெற்றது. அது செல்லும் என 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.