அவியலை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: என் பேரன் ‘அவியல்’ என்ற ராக் குழுவின் ‘நட நட’ பாட்டையே ஓயாமல் போடுகிறான். ஆல்பம் முழுவதையும் கேட்கச் சொல்லுகிறான். நவராத்திரி மண்டபக் கச்சேரியில் பழகிய காது தாங்குமா? — ஒரு வாசகர், வலியசாலை

பதில்: தாராளமாகத் தாங்கும், ஆனால் ‘நட நட’விலிருந்து தொடங்க வேண்டாம். தங்கள் திருவனந்தபுரத்திலேயே 2003-இல் தோன்றி, நம் நாட்டு ராக் குழுக்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் பாடுவதையே கௌரவமாகக் கருதிய காலத்தில், மலையாளத்தை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டு அந்தப் பாட்டினால் பிரசித்தியடைந்த இவ்விளைஞர்கள், குழுவின் பெயரையே சூட்டி 2008-இல் தங்கள் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதில் ‘ஆடு பாம்பே’யை முதலில் கேளுங்கள். பாம்பாட்டிச் சித்தரையும் நாராயண குருவின் குண்டலினிப் பாட்டையும் அறிந்தவர்க்கு அந்த விளியே பரிச்சயமானதாகையால், அதனோடு சேர்ந்து குழுவைச் சேர்ந்த ரெக்ஸ் விஜயனுடைய கிதார் எழும்போது அது அந்நியமாகத் தோன்றாது. பிறகு ‘நட நட’வுக்கு வாருங்கள், ஒலியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, சாகித்தியத்தைத் துரத்தாமல் தாளத்தை மட்டும் கவனியுங்கள். ராகம் என்னவென்று மாத்திரம் பேரனிடம் விசாரிக்காதீர்கள், பையன் ஓடிவிடுவான்.