டைமர் ஸ்விட்ச் வாங்குமுன்...

கடையைப் பூட்டி வீடு திரும்பிய பின், பெயர்ப்பலகை விளக்கை அணைக்காதது நினைவுக்கு வந்து நாங்கள் திரும்ப ஓடியதுண்டு. 100 வாட் விளக்கு 10 மணி நேரம் எரிந்தால் 1 யூனிட் வீண். வைஃபை டைமர் ஸ்விட்ச்சில் நேரத்தைக் குறித்துவிட்டால் தானே அணைந்துவிடும். வீட்டுக்கும் உதவும். ஆனால் கவனிக்க வேண்டியவை:

1. 2000 வாட் வாட்டர் ஹீட்டர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் ஸ்விட்ச் கருகும், தீப்பிடிக்கவும் கூடும். 16 ஆம்பியர் ஸ்விட்ச்சே வாங்குங்கள்.

2. சுவரினுள் பொருத்தும் வகை பலவற்றுக்கு நியூட்ரல் வயர் தேவை. மெயினை அணைத்து, உரிமம் பெற்ற வயர்மேனே பொருத்தட்டும்.

3. ஃபிரிட்ஜ், கேமரா இணைப்புகளை இதில் சேர்க்காதீர்கள்.

4. நம் திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதையே போட்டாலும் சாவியைக் கதவில் விட்டால் பயனில்லை. பாஸ்வேர்டும் அப்படியே; கடை போன் எண்ணை வைக்காதீர்கள்.