எண்ணும் சரமும் கலந்தால்

கேள்வி: படிவத்தில் வாங்கிய 10உடன் 5ஐக் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் 105 என்கிறது, பைத்தான் பிழை காட்டி நின்றுவிடுகிறது. எது சரி?

பதில்: இரண்டும் தத்தம் விதிப்படி சரியே. படிவத்தில் தட்டச்சு செய்யும் 10, நிரலுக்குள் எண்ணாக வருவதில்லை; "10" என்ற எழுத்துச்சரமாகவே வருகிறது. ஜாவாஸ்கிரிப்ட் தளர்வான மொழி. ஒரு பக்கம் சரம் இருந்தால், + குறி மறுபக்கத்தையும் சரமாக்கி ஒட்டிவிடும், விடை "105". அதே "10"இலிருந்து 5ஐக் கழித்தால், சரம் எண்ணாக மாறி 5 கிடைக்கும். பைத்தான் கண்டிப்பானது, சரத்தையும் எண்ணையும் கூட்ட மறுத்துவிடும்.

மதிப்பு எண்ணா சரமா என்ற சோதனை எப்போது நடக்கிறது என்பது வேறு விஷயம். பைத்தான், அந்த வரி ஓடும்போதுதான் பிழையைக் கண்டுபிடிக்கும். ஜாவாவில் எண் மாறிக்குள் சரத்தை வைத்தால், கம்பைல் செய்யும்போதே பிழை தெரிந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும் இந்த முன்சோதனை கிடைக்கும்படி மைக்ரோசாஃப்ட் 2012இல் டைப்ஸ்கிரிப்ட்டை வெளியிட்டது.

ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே தொடர்பவர்களுக்கு இரண்டு பழக்கங்கள் போதும். படிவத்தில் வரும் மதிப்பை முதலில் எண்ணாக மாற்றிவிட வேண்டும். ஒப்பிடும்போது == விடுத்து === இட வேண்டும்; 0 == "" என்றால் உண்மை என்றும், 0 === "" என்றால் பொய் என்றும் விடை வரும்.

சின்ன நிரலுக்குத் தளர்வு வசதி. பணக் கணக்கு பார்க்கும் நிரலுக்குக் கண்டிப்பே நல்லது. பிழை காட்டி நிற்கும் நிரலைத் திருத்திவிடலாம். தப்பான விடையோடு ஓடிக்கொண்டே இருக்கும் நிரல்தான் ஆபத்து.