மின்னஞ்சற் கடிதங்களைக் குறிப்பேட்டில் சேர்க்கும் முறை

அறுத்த நெல்லைக் களத்திலேயே போட்டுவைக்கும் விவசாயி எவரும் இல்லை. தூற்றிக் காயவைத்து, விதைக்கு வேண்டியதைத் தனியே பிரித்து, மீதியைப் பத்தாயத்தில் சேர்த்த பிறகே அவர் மனம் ஆறுகிறது. ஆனால் பண்ணைக்கு வந்துசேரும் கடிதங்களின் விஷயத்தில் அநேகர் இந்தக் கவனத்தைக் கைக்கொள்வதில்லை. மண் பரிசோதனை முடிவு, பாங்கியின் கடன் விவரம், விதை வாங்கிய ரசீது, தகவல் உரிமைச் சட்டப்படி கேட்ட விவரத்திற்குப் பதில் முதலியவை இக்காலத்தில் மின்னஞ்சல் மூலமாகவும் வருகின்றன. இவை வியாபார விளம்பரங்களுடன் கலந்து கிடந்து, வேண்டிய சமயத்தில் கைக்கு அகப்படாமற் போகின்றன.

இதற்குக் காரணம் கடிதப் பெட்டியின் அமைப்பே. அதில் கடிதங்கள் வந்த நாளின் வரிசைப்படி அடுக்கப்படுகின்றன. பண்ணை வேலையோ வயலையும் பருவத்தையும் ஒட்டி நடைபெறுவது. வைகாசியில் வந்த கடிதம் ஆடியில் தேவைப்படுகிறது. அதற்குள் அதன்மேல் இருநூறு கடிதங்கள் வந்து குவிந்துவிடுகின்றன. ஆகையால், வேலை மீதமுள்ள கடிதங்களை எடுத்து, வயல்வாரியாகவும் பருவவாரியாகவும் எழுதிவைக்கத்தக்க குறிப்பேட்டுச் செயலி ஒன்றில் சேர்த்துக்கொள்வது மிகுந்த பிரயோஜனம் தருவதாகும். எவர்நோட், ஒன்நோட், ஜாப்ளின், அப்சிடியன் என்பவை இவ்வகைச் செயலிகளில் பலரும் அறிந்தவை. எனினும், அரைகுறையாகச் சேர்த்த கடிதம் சேர்க்காத கடிதத்தைவிட அதிக நஷ்டம் விளைவிக்கக்கூடும். அதைத் தவிர்க்கும் வழிகள் கீழே கூறப்படுகின்றன.

1. கடிதத்தின் உறுப்புகள்

மின்னஞ்சற் கடிதத்திற்கு மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது தலைப்புப் பகுதி. அனுப்பியவர், பெறுபவர், பொருள், தேதி, நேரம் ஆகியவை இதில் அடங்கும். மெசேஜ்-ஐடி என்னும் அடையாளக் குறியும் இப்பகுதியிலேயே மறைவாக இருக்கிறது. ஒரு கடிதத்திற்கு உள்ள குறி மற்றொரு கடிதத்திற்கு அமையாதபடி இது இடப்படுவதால், பதிவுத் தபாலின் எண்ணைப் போன்றது எனலாம். இரண்டாவது உறுப்பு கடித வாசகம். மூன்றாவது உறுப்பு இணைப்புகள். படம், அறிக்கை முதலியவற்றைக் கடிதத்துடன் சேர்த்து அனுப்புவதற்கு வகைசெய்யும் மைம் என்னும் பொது விதி 1992-ஆம் ஆண்டு வெளியாயிற்று.

வாசகத்தை மட்டும் நகல் எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டினால் முதல் உறுப்பும் மூன்றாம் உறுப்பும் பின்தங்கிவிடும். களர் நிலம் உடைய ஒருவருக்கு மண் பரிசோதனை முடிவு வந்ததாக வைத்துக்கொள்வோம். கடித வாசகத்தில், "தங்கள் வயலின் அறிக்கை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரிதான் இருக்கும். அவ்வரியை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு அசல் கடிதத்தை அழித்துவிட்டவர், நடவுக்கு முன் எவ்வளவு ஜிப்சம் இடுவது என்று பார்க்கப்போனால், அந்த அளவு அவர் கையில் இராது. மறுபடியும் மண் எடுத்து அனுப்பி முடிவு வருவதற்குள் பருவம் தவறிவிடும்.

2. எவற்றைச் சேர்த்தல் வேண்டும்

எல்லாக் கடிதங்களையும் சேர்ப்பது பதரையும் மணியையும் ஒருங்கே பத்தாயத்தில் கொட்டுவதற்கு ஒப்பாகும். கீழ்க்கண்ட மூன்று வகைகள் போதுமானவை.

(அ) குறித்த நாளுக்குள் யாதேனும் ஒரு காரியம் செய்யவேண்டியவை.
(ஆ) அடுத்த பருவத்தில் மறுபடியும் பார்க்கவேண்டிய அளவுகள், விலைகள், முடிவுகள் அடங்கியவை.
(இ) நிலம், கடன், காப்பீடு, மானியம் ஆகியவற்றைப் பற்றிய உரிமைக்கு ஆதாரமானவை.

பாங்கியின் ரகசியக் குறிகள், ஒருமுறை மட்டும் பயன்படும் கடவெண்கள், ஆதார் அட்டையின் நகல் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் சேர்க்கலாகாது. கைபேசி பிறர் கையில் அகப்பட்டால் இவற்றால் பெரும் கேடு விளையும். கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சிச் செயலர் முதலியோர் அலுவலகக் கடிதங்களைத் தமது சொந்தச் செயலியில் சேர்க்குமுன், அலுவலக விதி அதற்கு இடம் தருகிறதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

3. சேர்க்கும் வழிகள்

முதல் வழி, கடிதத்தைச் செயலிக்கு மேலனுப்புதல். சில செயலிகள் உபயோகிப்போர் ஒவ்வொருவருக்கும் தனியான மின்னஞ்சல் விலாசம் ஒன்றை அளிக்கின்றன. அவ்விலாசத்திற்கு அனுப்பப்படும் கடிதம் குறிப்பாக மாறி ஏட்டில் அமர்ந்துவிடும். இணைப்புகளும் உடன் செல்லும். எவர்நோட்டிலும், ஜாப்ளினின் கட்டணச் சேவையிலும் இந்த வசதி உண்டு. இது மிகச் சுலபமான வழி. ஆனால் இந்த விலாசத்தை அறிந்தவர் எவரும் ஏட்டில் குறிப்பு எழுதிவிடக் கூடுமாதலால் அதைப் பிறருக்குத் தெரிவிக்கலாகாது. மேலும், கையால் மேலனுப்பிய கடிதத்தில் அனுப்பியவர் பெயர் மேலனுப்பியவருடையதாகவே காணப்படும். முதலில் எழுதியவர் பெயரும் தேதியும் வாசகத்தினுள் சில வரிகளாக மட்டும் நிற்கும். அவ்வரிகளை அழிக்காமல் அனுப்புவது அவசியம்.

இரண்டாம் வழி, கடிதத்தை முழுக் கோப்பாக இறக்கிக்கொள்ளுதல். ஜிமெயிலில் கடிதத்தைத் திறந்து, ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால், அக்கடிதத்தைக் கணினியில் இறக்கிக்கொள்ளும் கட்டளை கிடைக்கும். தண்டர்பேர்டு என்னும் மென்பொருளிலும் கடிதத்தைக் கோப்பாகச் சேமிக்கலாம். இவ்வாறு கிடைக்கும் இ.எம்.எல். கோப்பில் மூன்று உறுப்புகளும் குறைவின்றி இருக்கும். அதைக் குறிப்புடன் இணைத்துவிட்டு, உள்ளிருக்கும் விஷயத்தைச் சுருக்கமாகக் கையால் எழுதிவிட வேண்டும். வேலை சற்று அதிகமாயினும், நிலம், கடன் சம்பந்தமான கடிதங்களுக்கு இதுவே உத்தமமான வழி.

மூன்றாம் வழி, பெட்டி முழுவதையும் ஒரே தடவையில் எடுத்தல். கூகுள் டேக்கவுட் என்னும் வசதியால் ஜிமெயில் கடிதங்கள் அனைத்தையும் எம்-பாக்ஸ் என்னும் ஒரே கோப்பாகப் பெறலாம். ஆபத்துக் காலத்திற்குப் பத்திரப்படுத்த இது ஏற்றது. குறிப்பேட்டில் கொட்டுவதற்கு ஏற்றதன்று.

4. தேதியைப் பற்றிய எச்சரிக்கை

பெரும்பாலான செயலிகளில், குறிப்பின்மேல் காணும் தேதி அக்குறிப்பு உண்டான தேதியே ஆகும். கடிதம் வந்த தேதி அன்று. இந்த வேற்றுமையைக் கவனியாததால் விளையக்கூடிய நஷ்டம் பெரிது.

2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 19(1) பிரிவின்படி, பொதுத் தகவல் அலுவலரின் பதிலில் திருப்தி அடையாதவர், அதைப் பெற்ற நாளிலிருந்து 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்தல் வேண்டும். ஒருவருக்குப் பட்டா சம்பந்தமான பதில் ஜூன் 3-ஆம் தேதி வந்தது என்றும், அவர் அதை ஜூன் 21-ஆம் தேதி ஏட்டில் சேர்த்தார் என்றும் கொள்வோம். பிறகு ஏட்டின் தேதியைப் பார்த்துக் கணக்கிட்டால், ஜூலை 21 வரையில் தவணை இருப்பதாக எண்ணுவார். உண்மையில் தவணை ஜூலை 3-ஆம் தேதியோடு தீர்ந்துவிடும். தக்க காரணம் காட்டினால் தாமதமான மனுவையும் ஏற்றுக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆயினும் நாளைத் தவறாக எண்ணியது தக்க காரணமாகக் கொள்ளப்படும் என்று நம்பியிருப்பது விவேகமன்று.

ஆகவே, குறிப்பின் பெயரைக் கடிதத்தின் தேதியைக் கொண்டே தொடங்க வேண்டும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் குறிப்புகள் தாமே ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். உதாரணம்: "2025-06-03, வட்டாட்சியர் அலுவலகம், பட்டா மாறுதல் பதில்". அதன் கீழ் இரண்டு வரிகள் கையால் எழுதுக. முதல் வரியில் எந்த வயலைப் பற்றியது என்பதைப் புல எண்ணுடனும், இரண்டாம் வரியில் செய்யவேண்டிய காரியத்தையும் அதன் கடைசி நாளையும் குறிக்க வேண்டும். இந்த இரண்டு வரிகளே கடிதத்தைக் குறிப்பாக ஆக்குகின்றன. அவை இல்லாவிடில் ஒரு குவியல் மற்றொரு குவியலாக இடம் மாறியதேயன்றி வேறில்லை.

5. தமிழ் எழுத்துக்களும் படங்களும்

யூனிகோடு முறையில் எழுதப்பட்ட தமிழ்க் கடிதங்கள் எந்தச் செயலிக்குச் சென்றாலும் மாறுவதில்லை; தேடினால் அகப்படும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கடிதங்களோ, ஏட்டில் சேர்த்தவுடன் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தோன்றக்கூடும். அவற்றை எழுத்துமாற்றி மூலம் யூனிகோடாக மாற்றிய பின் சேர்ப்பது நலம்.

படமாக எடுத்து அனுப்பிய அறிக்கைகளிலும் இதைப் போன்ற இடையூறு உண்டு. கண்ணுக்கு எழுத்தாகத் தோன்றினும், படத்தில் உள்ள தமிழ் எழுத்துக்களைப் பல செயலிகள் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. எனவே கார அமில நிலை, உப்பின் அளவு, தழை மணி சாம்பல் சத்துக்கள், இடவேண்டிய ஜிப்சம் ஆகிய முக்கியமான எண்களைக் குறிப்பில் எழுதிவிடுதல் வேண்டும். எண்களை எழுதிய பின் அறிக்கையுடன் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

6. அசலைக் காப்பாற்றுதல்

ஏட்டிலுள்ள குறிப்பு ஞாபகத்திற்கு உதவுவது. அது கடிதத்தின் இடத்தைப் பெறாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள 2023-ஆம் ஆண்டுப் பாரதீய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்பதற்குரிய நிபந்தனைகளையும், உடன் தரவேண்டிய சான்றிதழையும் கூறுகிறது. வழக்கு ஏற்படுமாயின், கையால் ஒட்டிய வாசகத்தைக் காட்டிலும் தலைப்புப் பகுதி கெடாத அசல் கடிதமே பக்கபலமாக நிற்கும். ஆகையால் உரிமைக்கு ஆதாரமான கடிதத்தை, ஏட்டில் சேர்த்தாகிவிட்டது என்ற தைரியத்தில், பெட்டியிலிருந்து அழிக்கக் கூடாது.

ஏட்டையும் ஒரே இடத்தில் நம்பி வைத்தல் தகாது. கம்பெனிகள் தங்கள் விதிகளை மாற்றிக்கொள்வதுண்டு. எவர்நோட்டில் கட்டணமின்றி எழுதுவோருக்கு 50 குறிப்புகளும் ஒரு ஏடும் மட்டுமே என்று 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் வரையறை செய்யப்பட்டது இதற்கு ஓர் உதாரணம். அப்சிடியன் போன்ற செயலிகள் குறிப்புகளைச் சொந்தக் கணினியிலேயே சாதாரண எழுத்துக் கோப்புகளாக வைக்கின்றன. செயலி நின்றுபோனாலும் அவற்றை வேறொன்றில் திறந்து படிக்கலாம். ஆனால் கணினி பழுதடைந்தால் அவையும் போய்விடும். எந்தச் செயலியாயினும், ஒவ்வொரு அறுவடை முடிந்த பின்னும் குறிப்புகள் அனைத்தையும் வெளியே எடுத்து, தனியான சேமிப்புக் கருவி ஒன்றில் வைத்துக்கொள்வது நல்ல வழக்கமாகும்.

7. சிறு அளவில் பரீட்சித்தல்

புதிய நெல் ரகத்தை முழு நிலத்திலும் ஒரே வருஷத்தில் பயிரிடுவதில்லை. சில சென்டுகளில் நட்டுப் பார்த்தே விஸ்தரிக்கிறார்கள். இதிலும் அவ்வாறே செய்தல் வேண்டும். பத்துக் கடிதங்களை மட்டும் எடுத்துச் சேர்த்துக் கீழ்க்கண்டவற்றைச் சோதித்துப் பார்க்கவும்.

(அ) இணைப்புகள் எல்லாம் வந்தனவா, அவை திறக்கின்றனவா?
(ஆ) கடிதத்தின் தேதியும் அனுப்பியவர் பெயரும் குறிப்பில் உள்ளனவா?
(இ) தமிழ்ச் சொல் ஒன்றைத் தேடினால் அகப்படுகிறதா?
(ஈ) இணைய வசதி இல்லாத வயலில் நின்று கைபேசியில் குறிப்பைத் திறக்க முடிகிறதா?

இந்த நான்கிலும் தேறிய செயலியையே மேற்கொண்டு உபயோகிக்கலாம். அதன் பிறகு, வாரத்திற்கு ஒரு நாள் அரை மணி நேரம் இதற்கென ஒதுக்கினால் போதும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருப்பின் அவர்களிடம் இவ்வேலையை ஒப்படைக்கலாம். ஆயினும், செய்யவேண்டிய காரியத்தையும் கடைசி நாளையும் குறிக்கும் அந்த இரண்டு வரிகளை நிலத்துக்குடையவரே எழுதுவது சிறந்தது. எந்த வயலுக்கு எப்பொழுது எது தேவை என்பதை நன்கு அறிந்தவர் அவரே.